நெருஞ்சியும் சீமை உடையும்: நம் பாதைக்கு டியூபா, டியூப்லெஸ்ஸா?

மாசி மாதக் காலை. சேரன்மகாதேவிக்கு மேற்கே கன்னடியன் கால்வாய்க் கரையில் நானும் அக்கா மகனும் போய்க்கொண்டிருந்தோம். அவன் சைக்கிளின் பின்சக்கரம் அலைய ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் காற்றே இல்லை. டியூபைக் கழற்றிக் கொஞ்சம் காற்றடித்துக் கால்வாய்த் தண்ணீரில் முக்கினோம். ஏழு இடத்தில் குமிழி கிளம்பியது. ஏழும் நெருஞ்சி. பையில் இருந்தது ஆறு ஒட்டு.

"மாமா, ஒங்க வண்டியும் இதே வழியிலதான வந்துச்சு?" என்றான். என் டயரை மெல்லச் சுற்றிக் காட்டினேன். அதிலும் முள் இருந்தது, எண்ணினால் ஒன்பது. ஒவ்வொரு முள்ளின் ஓரத்திலும் பால் கசிந்து உறைந்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. காற்று இறங்கவில்லை. என்னுடையது டியூப்லெஸ். உள்ளே டியூப் கிடையாது, டயரே ரிம்மோடு இறுகிக் காற்றைப் பிடிக்கும். உள்ளே ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற பால் போன்ற திரவம் துளையை அடைக்கும்.

"அப்போ நானும் டியூப்லெஸ் மாத்திருதேன்."

"பொறு மருமகனே, மொதல்ல ரிம்மப் பாப்போம்" என்றேன். மலைப் பாதை சைக்கிள் வைத்திருக்கிற பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அவர்களுடைய பணம் வீணாகும். அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எது குத்துகிறது என்று பார்க்க வேண்டும். நெருஞ்சி முள் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். துளையும் ஊசிமுனை அளவுதான். ஆனால் ஒன்றாக வராது, கூட்டமாக வரும். மஞ்சள் பூ பூத்துப் பச்சையாகப் படர்ந்து கிடக்கும்போது தொந்தரவில்லை. காய் காய்ந்து உதிர்ந்த பிறகு வரப்பு, குளத்துக் கரை, ரோட்டோர மண் எல்லாமே அதன் இடம். அடுத்தது சீமை உடை, அதாவது சீமைக்கருவேலம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கக் குளங்களுக்குள் இறங்கினால் வெட்டிப் போட்ட கிளைகள் பாதையிலேயே கிடக்கும். அந்த முள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாதாரணமாக இருக்கும். டயரைத் துளைத்து உள்ளே போய் முறிந்துகொள்ளும். மூன்றாவது, குத்தாமல் அறுப்பது. மலையடிவாரத்துக் கூர்ப்பாறை, உடைந்த பாட்டில், திசையன்விளை பக்கத் தேரி மணலில் பாதி புதைந்து கிடக்கும் பனமட்டை. மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும். அது டயரின் நடுப்பகுதியை ஒன்றும் செய்யாது, மெல்லிய பக்கச் சுவரைத்தான் கிழிக்கும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. நெருஞ்சிக்கு டியூப்லெஸ் கிட்டத்தட்ட முழு விடை. சீமை உடைக்கு முக்கால் விடை. கருக்குக்கும் கல்லுக்கும் டியூபா டியூப்லெஸ்ஸா என்ற கேள்வியே பொருந்தாது, அங்கே பேச வேண்டியது டயரின் பக்கச் சுவரைப் பற்றி. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் விலை உயர்ந்த மாற்றத்தைச் செய்துவிட்டு, ஒரு கிழிசலுக்குப் பிறகு "டியூப்லெஸ் சரியில்லை" என்று திரும்பிப் போகிறார்கள்.

டியூபிலேயே இருப்பவர்களுக்கு

ஒற்றைச் சுவர் ரிம் உள்ள சைக்கிளில் டியூப்லெஸ் வேண்டாம். உள்ளே ஆரக்காலின் தலைகள் மேடும் பள்ளமுமாகத் தெரிகிற ரிம் அது. ஆரக்கால் துளைகளை மூடும் ரிம் டேப் சீராக உட்காராது, டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் வாகும் அதில் இல்லை. வளைவில் திரும்பும்போது விளிம்பு விலகிக் காற்று மொத்தமாகப் போனால் விழுவது நிச்சயம். அப்படிப்பட்ட வண்டிக்கு நான் சொல்வது, வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்ற முடிகிற டியூபாக வாங்கி, அதற்குள் 60 முதல் 90 மில்லி சீலண்ட் ஊற்றிக்கொள்ளுங்கள். நெருஞ்சித் துளையில் பாதிக்கு மேல் தானாக அடைபடும். டியூப் விரியும்போது துளையும் சேர்ந்து விரிவதால் பெரிய துளையில் நிற்காது. கல்லில் மோதி டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கிப் பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழுமே, அதற்கும் இது உதவாது.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கிற முள் தடுப்புப் பட்டையும் கிடைக்கிறது. முள்ளைத் தடுக்கும். ஆனால் பட்டையின் ஓரம் டியூபை அரைத்து அரைத்து அங்கேயே ஒரு துளை போடும். முகப்பவுடர் தூவி வைத்தால் அரைப்பு குறைகிறது. வண்டி கனமாகி உருளுவதும் மந்தமாகிறது. பள்ளிக்கும் வேலைக்கும் போகிற வண்டிக்குச் சரி, மலையேற விரும்புகிறவருக்கு வேண்டாம்.

டிபியூ டியூப் என்று மெல்லிசாக, நிறத்தோடு ஒன்று வருகிறது. 29 அங்குலச் சாதாரண டியூப் 200 கிராம் இருந்தால் இது 100 கிராமுக்குள் அடங்கும். முள்ளுக்குத் தாங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். நம் பஞ்சர் கடைச் சொல்யூஷன் இதில் ஒட்டாது, அதற்கென்றே தனி ஒட்டு வேண்டும். கைப்பிடிக்குள் அடங்குகிற மாற்று டியூபாகப் பையில் வைத்துக்கொள்ள மட்டும் இதைவிட நல்லது இல்லை.

டியூப்லெஸ் என்றால் என்ன கேட்கும்

எடை குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி மாற வேண்டாம். டியூப் போனால் 200 கிராம் குறையும், சரி. அதன் இடத்தில் 100 மில்லி சீலண்ட், வால்வு, ரிம் டேப், கொஞ்சம் தடித்த டயர் எல்லாம் வந்து அந்தக் கணக்கை நேர் செய்துவிடும். உண்மையான லாபம் இரண்டு. ஒன்று முள். இன்னொன்று குறைந்த காற்று. நான் 70 கிலோ. 2.25 அங்குல டயரில் டியூப் இருந்தபோது பின்னால் 32 பிஎஸ்ஐ வைப்பேன், இல்லாவிட்டால் பாம்புக் கடி. இப்போது பின்னால் 24, முன்னால் 21. சரளைக்கல் பாதையில் டயர் கல்லைத் தட்டித் தெறிக்காமல் அதைச் சுற்றி அமுங்கிப் போகிறது. மணலில் புதைவதும் குறைவு. கைக்கும் இடுப்புக்கும் இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

காற்று வைக்கும்போது நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 10 டிகிரி சூடு ஏறினால் இந்த அளவு காற்றில் சுமார் 1.3 பிஎஸ்ஐ கூடும். விடியற்காலையில் 22 வைத்த டயர், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் 25 காட்டும். அதைப் பார்த்துக் குறைத்தால் மறுநாள் காலை காற்றுப் போதாது.

சீலண்ட் விருப்பப்பட்டால் ஊற்றுவது அல்ல. 1999-இல் மாவிக், மிஷலின், ஹட்சின்சன் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த யூஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையில் டயரே காற்றை முழுதாக அடைத்தது, கனமாகவும் இருந்தது. இப்போது டயரில் டியூப்லெஸ் ரெடி என்று போட்டிருந்தால், சீலண்டும் சேர்ந்தால்தான் காற்று நிற்கும் என்று பொருள். பெரும்பாலான சீலண்டில் இருப்பது ரப்பர் பால்தான். குலசேகரம் பக்கத் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிறதே, அதே வகை. மரத்துப் பால் சில மணி நேரத்தில் கட்டிதட்டிவிடும், தட்டாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். துளை விழுந்ததும் காற்று பாலை அங்கே இழுத்துப் போகும், பால் உறையும், அதில் கலந்திருக்கும் நுண்ணிய துகள்கள் அடைப்பாக நிற்கும்.

இதன் எதிரி நம் கோடை. தயாரிப்பாளர்கள் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் தகரக் கொட்டகையில் நிற்கும் என் வண்டியில் பங்குனி, சித்திரை, வைகாசியில் ஆறு வாரத்துக்கு மேல் அது திரவமாக இருந்ததில்லை. சக்கரத்தைக் காதோடு வைத்து ஆட்டினால் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வால்வின் ஊசியைக் கழற்றி, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெய் பார்க்கிற மாதிரி நனைந்து வரும். வறண்டு வந்தால் 50 மில்லி ஊற்றுங்கள். பரீட்சைக்காகவோ வேலைக்காகவோ மூன்று மாதம் வண்டியைச் சுவரில் சாய்த்து வைப்பவர் நீங்கள் என்றால் டியூபிலேயே இருங்கள். உள்ளே பால் ரப்பர் தகடாகக் காய்ந்து கிடக்கும், அதை உரித்தெடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

முதல்முறை மாட்டுவதற்கு விலை உயர்ந்த பம்ப் தேவையில்லை. ஊருக்கு ஊர் பஞ்சர் கடை, கடைக்குக் கடை கம்ப்ரசர். மெல்லிய பிரெஸ்டா வால்வை அந்தக் குழாயோடு சேர்க்கும் பித்தளை அடாப்டர் மட்டும் உங்கள் சாவிக்கொத்தில் இருக்கட்டும். விளிம்பில் சோப்பு நுரை தடவி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு, காற்றைச் சின்னச் சின்னதாக விடச் சொல்லுங்கள். டப், டப் என்று இரண்டு பக்கமும் உட்காரும் சத்தம் கேட்கும். "அண்ணாச்சி, பைக்குக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிராதிய" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. ரிம்மிலும் டயரிலும் எழுதியிருக்கும் உச்ச அளவில் குறைந்ததைத் தாண்டவே கூடாது. ரிம் டேப்புக்குப் பதிலாக ஒயரிங் டேப் ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். வெயிலில் அதன் பசை இளகி டேப் நகரும், ஆரக்கால் துளை வழியாகக் காற்று போகும்.

எந்த டயர்

இங்கே பலர் டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டையைப் பார்த்து வாங்குகிறார்கள். உயரமான கட்டை, அகலமான இடைவெளி, பார்க்க முரட்டுத்தனம். நம்மில் அநேகர் பாளையங்கோட்டையிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தார் ரோட்டில் போய்த்தான் மண் பாதையைத் தொடுகிறோம். உயரக் கட்டை தார் ரோட்டில் இழுக்கும், பின்சக்கரத்தில் சீக்கிரம் தேயும். கட்டைக்கு முன்னால் பக்கச் சுவரைப் பாருங்கள். மேக்ஸிஸ் டயரில் எக்ஸோ என்றும், கான்டினென்டலில் புரொடெக்‌ஷன் என்றும், ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில் என்றும் போட்டிருப்பது இந்தச் சுவரின் காப்பைப் பற்றித்தான். ஒரே பெயருள்ள டயர் காப்போடும் காப்பில்லாமலும் வரும். கம்பி விளிம்போடு மலிவாகவும், மடிக்கக்கூடிய விளிம்போடு டியூப்லெஸ் ரெடியாகவும் வரும். பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடிவாரத்தில் களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு 2.35 அல்லது 2.4 அகலம், காப்புள்ள சுவர், 800 கிராமைத் தாண்டினாலும் பரவாயில்லை. மேக்ஸிஸ் ஆர்டென்ட் இந்த வகை. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, வெளியே இருக்கிற பாறையே டயருக்குப் போதும். கால்வாய்க் கரை, குளத்துக் கரை, ரோடு என்று கலந்து ஓட்டுகிறவருக்கு 2.2 அகலத்தில் தாழ்ந்த, நெருக்கமான கட்டை போதும். மேக்ஸிஸ் ஐகான், விட்டோரியா மெஸ்கல், கான்டினென்டல் ரேஸ் கிங் எல்லாம் அப்படி. நான் பின்னால் ஐகானும் முன்னால் ஆர்டென்டும் போட்டிருக்கிறேன். முன்சக்கரம் பிடிக்க வேண்டும், பின்சக்கரம் உருள வேண்டும். தேரிக்கு அகலம்தான் முக்கியம், கட்டை எப்படி இருந்தாலும் மணல் கவலைப்படாது. சங்கரன்கோவில் பக்கக் கரிசலில் மழைக்குப் பிறகு எந்த டயரும் ஓடாது, காயும்வரை காத்திருங்கள்.

மருமகன் வண்டிக்கு வருகிறேன். 27.5 அங்குலம், இரட்டைச் சுவர் ரிம், கம்பி விளிம்பு டயர். ரிம் தாங்கும், டயர் ஆகாது. இரண்டு டயரும் ஒன்றாக வாங்கினால் கல்லூரிப் பையனின் கணக்கு இடிக்கும். அதனால் பின்சக்கரத்தை மட்டும் முதலில் மாற்றினோம். எடை அதிகம் விழுவதும், அதிகம் பஞ்சர் ஆவதும் அதுதான். முன்னால் டியூபுக்குள் சீலண்ட். "மாமா, பாதிக் கெணறு தாண்டுத மாதிரில்லா இருக்கு" என்றான். சைக்கிளில் பாதிக் கிணறு தாண்டலாம். அடுத்த வருடம் மீதியைத் தாண்டிக்கொள்வான்.

குத்திய பிறகு

டியூப்லெஸ்ஸில் பழுது பார்ப்பது ஒரே வேலை அல்ல, ஐந்து படி இருக்கிறது. முதல் படி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. குத்தியிருக்கும் முள்ளைப் பாதையில் பிடுங்காதீர்கள். வீட்டுக்கு வந்து, முள் இருக்கும் இடத்தைக் கீழே கொண்டுவந்து, பால் அங்கே தேங்கிய பிறகு பிடுங்குங்கள். உஸ் என்று ஒரு நொடி, பிறகு அமைதி.

பால் தெறித்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது படி, ஸ்ட்ரிப், அதாவது துளைக்குள் செருகி அடைக்கும் ஒட்டும் ரப்பர் திரி. சைக்கிளுக்கென்று ஒன்றரை மில்லிமீட்டர், மூன்றரை மில்லிமீட்டர் அளவுகளில் தனியாக வருகிறது. பிளவுபட்ட நுனி உள்ள ஊசியில் ஸ்ட்ரிப்பைக் கோத்து, துளையில் நேராக அழுத்தி, வெளியே ஒரு சென்டிமீட்டர் வால் நிற்கும்போது ஊசியைச் சட்டென்று உருவ வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, காற்றடித்து, ஓட்ட வேண்டியதுதான். வீரவநல்லூர் அருகே ஒரு வரப்பில் மருமகன் முதன்முறை இதைச் செய்தபோது ஊசியோடு ஸ்ட்ரிப்பும் வெளியே வந்துவிட்டது. மெதுவாக உருவியதுதான் காரணம். இரண்டாம் முறை நின்றது. இன்றுவரை அந்த இடத்தில் கசிவு இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடம் முன்பு கையில் ஸ்ட்ரிப் இல்லாமல் ஒரு மோட்டார் பைக் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அவர் நல்ல மனதோடுதான் செய்தார். முறுக்குக் கம்பியை விட்டுத் துளையை நாலு சுற்றுச் சுற்றிப் பெரிதாக்கி, பைக் டயருக்கான தடித்த ஸ்ட்ரிப்பை இறக்கினார். பைக் டயரின் கனத்துக்கு அது சரி. சைக்கிள் டயரில் உள்ளே ஓடும் நூல்கள் அறுந்துவிட்டன. மூன்றாம் நாள் அந்த இடம் நெல்லிக்காய் அளவு புடைத்தது. 3,800 ரூபாய் டயரைத் தூக்கிப் போட்டேன். பஞ்சர் கடையில் காற்று வாங்குங்கள், ஸ்ட்ரிப் உங்கள் பையிலிருந்து வரட்டும்.

மூன்றாவது, உள்ளிருந்து ஒட்டு. ஸ்ட்ரிப் போட்ட இடம் திரும்பத் திரும்பக் கசிந்தால் டயரைக் கழற்றி, பாலைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, சாதாரண டியூப் ஒட்டையே ஒட்டலாம். பால் ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஒட்டு நிற்காது.

நான்காவது, பாதையில் வேறு வழியில்லாமல் டியூப் போடுவது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் டியூப்லெஸ்ஸாக ஓடிய டயருக்குள் பழைய முள் நுனிகள் எத்தனையோ அடைபட்டுக் கிடக்கும். அப்படியே டியூபைப் போட்டால் நூறு மீட்டர் தாண்டாது. விரலால் தடவாதீர்கள், கிழியும். துண்டின் ஓரத்தை உள்ளே வைத்து ஒரு முழுச் சுற்று இழுங்கள். நுனி இருக்கும் இடத்தில் நூல் மாட்டி நிற்கும், ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு இன்னொரு சுற்று இழுங்கள். அந்தச் சுற்றில் துண்டு எங்கும் மாட்டாமல் வந்தால்தான் டியூப்.

ஐந்தாவது தையல். உவரிக்குப் போகும் வழியில் பனங்கருக்கு என் பின் டயரின் பக்கச் சுவரை ஒன்றரை சென்டிமீட்டர் கிழித்தது. ஸ்ட்ரிப் நிற்கவில்லை. கிழிசலுக்குள் பால் பாக்கெட் உறையை நாலாக மடித்து வைத்து, டியூப் போட்டு, மெதுவாக வீடு வந்தேன். பாளையங்கோட்டையில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் டயரைக் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரப்பர்ல குத்தினா கிழிஞ்சுட்டே போவும் தம்பி, நூலு ஓடுத எடமாப் பாத்துக் குத்தணும்" என்றார். மெழுகு தேய்த்த நைலான் நூலில், கிழிசலுக்கு இரு பக்கமும் நாலு மில்லிமீட்டர் தள்ளி, எட்டுத் தையல். உள்ளே பெரிய ஒட்டு ஒன்று நான் போட்டேன்.

ஒன்பது மாதமாக ஓடுகிறது. விளிம்புக் கம்பிக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ தைத்திருக்க மாட்டேன். தைத்த டயரைப் பின்னால்தான் போட வேண்டும், முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் அந்த எட்டுத் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கிறேன், புடைப்பு தெரிந்தால் அன்றோடு கழற்றிவிடுவேன்.